பஞ்சம் எந்த நாணயத்துக்கு? ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டின் பொய் வரலாறு

ஒருவன் கறுப்பாக வாந்தி எடுத்தான். பார்த்தவர் அடுத்த வீட்டில் சொல்லும்போது, காக்கை நிறத்தில் எடுத்தான் என்றார். அதைக் கேட்டவர் அடுத்த தெருவில் சொல்லும்போது, காக்கையே வந்தது என்றார். செய்தி ஊர் எல்லையைத் தொடுவதற்குள், அவன் வாயிலிருந்து காக்கை காக்கையாகப் பறந்து வந்தது என்றாகிவிட்டது. வதந்தி வளரும் விதத்தை விளக்க நம் பெரியவர்கள் சொல்லும் கதை இது.

எழுத்தறிவு குறைந்த காலத்தில்தான் இப்படியெல்லாம் நடந்திருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். எதற்கும் கணக்கு வைக்கும் நாடு என்று பெயரெடுத்த ஜப்பானில் பிறந்து, எண்களாலேயே இயங்கும் ஒரு மின்னியல் விளையாட்டைச் சுற்றி, இத்தகைய காக்கைகள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பறந்துகொண்டிருக்கின்றன. அந்த விளையாட்டின் பெயர் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’. விண்வெளியிலிருந்து படையெடுத்து வருபவர்கள் என்பது அதன் பொருள்.

அதன் வரலாறு என்று சொல்லப்படுபவற்றில் நான்கு கதைகள் மிகப் பிரபலமானவை. முதலாவது, மக்கள் காசைக் கொண்டுபோய் இயந்திரத்தில் கொட்டியதால் ஜப்பானில் 100 யென் நாணயத்துக்கே பஞ்சம் வந்தது. அரசாங்கம் நாணய உற்பத்தியை நான்கு மடங்காக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது, கிறிஸ்துமஸ் தாத்தாவுக்காகக் காத்திருந்த பள்ளிப் பிள்ளைகளை வேற்றுக்கோள்வாசிகள் தாக்குவதுபோல் படைப்பாளர் ஒரு கனவு கண்டார்; அந்தக் கனவே விளையாட்டாயிற்று. மூன்றாவது, உலகில் முதன்முதலில் வந்த சுடும் விளையாட்டு இதுதான். நான்காவது, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு நகரம் இந்த விளையாட்டுக்கு அஞ்சி, அதைத் தடைசெய்ய உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

நான்கும் சுவையானவை. கேட்டவர் சிரிப்பார், சிரித்தவர் மறக்கமாட்டார், மறக்காதவர் அடுத்தவரிடம் சொல்வார். ஆனால், தட்டிப் பார்த்தால் நான்கும் பொத்தல்.

விளையாட்டு என்ன?

பொய்யை ஆராயுமுன் பொருளைத் தெரிந்துகொள்வது நல்லது. 1978-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தோக்கியோவைச் சேர்ந்த டைட்டோ நிறுவனம் இந்த விளையாட்டை வெளியிட்டது. 1953-ஆம் ஆண்டில் அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் ஜப்பானியர் அல்லர். உக்ரேனின் ஒடெஸ்ஸா நகரில் பிறந்த மைக்கேல் கோகன் என்ற யூத வணிகர். காசு போட்டால் பொருள் தரும் இயந்திரங்களும் பாட்டுப்பெட்டிகளும் அதன் தொடக்ககால வியாபாரம்.

திரையின் மேற்பகுதியில் 5 வரிசைகள். வரிசைக்கு 11 வீதம் மொத்தம் 55 வேற்றுக்கோள் உயிரினங்கள். கீழ் இரண்டு வரிசைகளில் இருப்பவை எண்காலி வடிவம். ஒன்றை வீழ்த்தினால் 10 புள்ளி. நடு இரண்டு வரிசைகளில் நண்டு வடிவம், 20 புள்ளி. உச்சி வரிசையில் சோத்தோங் எனும் கணவாய் வடிவம், 30 புள்ளி. ஒரு படையை முழுமையாக அழித்தால் 990 புள்ளிகள் சேரும். அவ்வப்போது மேலே ஒரு பறக்கும் தட்டு குறுக்கே போகும். அதைச் சுட்டால் கூடுதல் புள்ளி.

ஆடுபவர் கையில் இருப்பது ஒரே ஒரு பீரங்கி. அது இடமும் வலமும் நகரும், மேலே சுடும். ஒளிந்துகொள்ள நான்கு காப்பரண்கள் உண்டு. அவையும் குண்டு படப் படக் கரையும். எதிரிகள் பக்கவாட்டில் நகர்ந்து, ஓரத்தைத் தொட்டதும் ஒரு படி கீழே இறங்குவார்கள். அவர்கள் தரையைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. இதில் வெற்றி என்பதே கிடையாது. ஒரு படையை அழித்தால் அடுத்த படை வரும். எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்பதே போட்டி.

ஒரு ஆட்டத்துக்கு 100 யென். ஜப்பான் முழுவதும் காப்பிக்கடைகள் தங்கள் மேசைகளை எடுத்துவிட்டு, கண்ணாடிக்கு அடியில் திரை பொருத்திய விளையாட்டு மேசைகளைப் போட்டன. இந்த ஒரு விளையாட்டை மட்டுமே வைத்து நடத்திய கடைகளும் முளைத்தன. ‘இன்வேடர் ஹவுஸ்’ என்று அவற்றுக்குப் பெயர். நாடெங்கும் 100,000-க்கும் மேற்பட்ட இயந்திரங்கள் பரவின. நாணயப் பஞ்சக் கதைக்கு விதை விழுந்த இடம் இதுதான்.

கணக்குப் புத்தகம் என்ன சொல்கிறது?

ஒரு நாட்டில் நாணயம் பற்றாக்குறையாகி, அரசாங்கம் உற்பத்தியைப் பல மடங்காக்கியது என்றால், அது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் காரியம் அன்று. ஒவ்வோர் ஆண்டும் எந்த நாணயம் எத்தனை அடிக்கப்பட்டது என்பதற்கு ஜப்பானிய நாணயச் சாலையின் கணக்கு இருக்கிறது. நாணயம் சேகரிப்பவர்கள் விரல் நுனியில் வைத்திருக்கும் எண்கள் அவை.

1977-ஆம் ஆண்டில் அடிக்கப்பட்ட 100 யென் நாணயங்கள் 440 மில்லியன். விளையாட்டு வெளிவந்த 1978-ஆம் ஆண்டில் 292 மில்லியன். விளையாட்டு மோகம் உச்சத்தில் இருந்த 1979-ஆம் ஆண்டில் 382 மில்லியன். 1980-ஆம் ஆண்டில் 588 மில்லியன்.

இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். பஞ்சம் வந்ததாகச் சொல்லப்படும் ஆண்டில் உற்பத்தி நான்கு மடங்காகவில்லை. இரண்டு மடங்குகூட ஆகவில்லை. மாறாக, முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. அடுத்த ஆண்டும் 1977-ஆம் ஆண்டின் அளவை அது எட்டவில்லை. உற்பத்தி உண்மையில் உயர்ந்தது 1980-ஆம் ஆண்டில். அதற்குள் ஜப்பானில் அந்த மோகமே தணிந்துவிட்டது. நோயாளி எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு மருந்து வந்தது என்று சொல்வதுபோல் இருக்கிறது இந்தக் கதை. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் இதழில் 2012-ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரை இதே ஆண்டுக் கணக்கை எடுத்துவைத்து, பஞ்சக் கதையை மறுத்தது.

எண்களை விட்டுவிட்டு, நடைமுறை அறிவைக் கொண்டு பார்த்தாலும் கதை நிற்காது. இயந்திரத்தில் விழுந்த காசு எங்கே போகும்? பெட்டி நிரம்பினால் இயந்திரம் காசு வாங்காது. காசு வாங்காத இயந்திரத்தால் கடைக்காரருக்கு நட்டம். ஆகவே அவர் பெட்டியைத் திறந்து, எண்ணி, வங்கியில் கட்டுவார். வங்கி அதை அடுத்த வாடிக்கையாளருக்குக் கொடுக்கும். காலையில் ஒருவர் ஆடிய அதே நாணயம் சில நாளில் வேறொருவர் பைக்கு வந்துவிடும். உண்டியலில் போட்டுப் புதைத்தால்தான் நாணயம் மறையும். கல்லாவில் போட்டால் அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

மிகைப்படுத்தியே ஒரு கணக்குப் போடுவோம். 100,000 இயந்திரங்களில், ஒவ்வொன்றிலும் 1,000 நாணயங்கள் அடைபட்டுக் கிடந்தன என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 100 மில்லியன்தான். 1976, 1977 ஆகிய இரண்டே ஆண்டுகளில் புதிதாக அடிக்கப்பட்டவை மட்டும் 760 மில்லியனுக்கும் மேல். அதற்கு முந்திய ஆண்டுகளின் நாணயங்களும் மக்கள் கையில் இருந்தன. அந்த 100 மில்லியனும் முடங்க வேண்டுமானால், நாட்டிலுள்ள எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் நிரம்பி, ஒரு கடைக்காரரும் அவற்றைத் திறக்காமல் இருந்திருக்க வேண்டும். வருமானத்தை எண்ணிப் பார்க்க மறந்த வியாபாரிகள் எந்த நாட்டில் இருக்கிறார்கள்?

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். ஏதோ ஒரு கடைவீதியில், ஏதோ ஒரு மாலையில், சில்லறை கிடைக்காமல் சிலர் அலைந்திருக்கலாம். அது எந்த ஊரிலும் நடப்பதுதான். அந்தத் தீப்பொறியை நாடு தழுவிய பஞ்சமாக ஊதிவிட்டவை பின்னாளில் எழுதப்பட்ட கட்டுரைகள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்தாண்டார். ஒருவர் மூன்று மடங்கு என்றார். மற்றொருவர் நான்கு மடங்கு என்றார். நாணயச் சாலையின் கணக்கைப் புரட்டிப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.

கனவல்ல, கைவேலை

கனவுக் கதைக்கு வருவோம். இந்த விளையாட்டை உருவாக்கியவர் தோமொஹிரோ நிஷிகாடோ. 1944-ஆம் ஆண்டில் ஒசாகாவில் பிறந்த பொறியாளர். இதற்கு முன்பே 1973-ஆம் ஆண்டில் ஒரு காற்பந்து விளையாட்டையும், 1974-ஆம் ஆண்டில் ‘ஸ்பீட் ரேஸ்’ என்ற கார்ப் பந்தய விளையாட்டையும், 1975-ஆம் ஆண்டில் ‘வெஸ்டர்ன் கன்’ என்ற துப்பாக்கி விளையாட்டையும் டைட்டோவுக்காகச் செய்தவர். தூங்கி எழுந்து திடீரென்று மேதையானவர் அல்லர். படிப்படியாகத் தொழில் கற்றவர்.

தம்மைத் தூண்டியவை எவை என்று அவரே பேட்டிகளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவின் அடாரி நிறுவனம் 1976-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிரேக்அவுட்’ என்ற விளையாட்டு ஜப்பானிலும் சக்கைப்போடு போட்டது. பந்தால் செங்கற்களை ஒவ்வொன்றாக உடைத்து, எல்லாவற்றையும் தீர்த்துக்கட்டும்போது கிடைக்கும் நிறைவு அவரைக் கவர்ந்தது. அதை மிஞ்ச வேண்டும் என்று எண்ணினார். அசையாத செங்கற்களுக்குப் பதிலாக அசையும் எதிரிகளை வைத்தால், எதிரிகளும் திருப்பிச் சுட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்தார்.

முதலில் டாங்கிகளையும் விமானங்களையும் வரைந்து பார்த்தார். அசைவு இயல்பாக வரவில்லை. மனிதர்களைப் போர்வீரர்களாக்கினால் அசைவு நன்றாக வந்தது. ஆனால், மனிதரை மனிதர் சுடும் விளையாட்டு ஏற்புடையதாக இல்லை. அந்த வேளையில் 1977-ஆம் ஆண்டில் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தின் பெயர் எங்கும் அடிபட்டது. எதிரிகளை விண்வெளிக்கு மாற்றினார். எச். ஜி. வெல்ஸ் 1898-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ கதையின் எண்காலி போன்ற செவ்வாய்க் கிரகவாசிகள் நினைவுக்கு வந்தார்கள். எண்காலி வந்ததும் அதன் கடல் உறவினர்களான நண்டும் கணவாயும் தொடர்ந்து வந்தன. இதில் கனவும் இல்லை, கிறிஸ்துமஸ் தாத்தாவும் இல்லை.

கதையைவிடச் சுவையான உண்மை வேறொன்று இருக்கிறது. ஜப்பானில் அப்போது இத்தகைய வேலைக்கான கருவிகள் கிடைக்கவில்லை. இன்டெல் 8080 என்ற நுண்செயலியைக் கொண்டு மின்சுற்றுப் பலகையையும், நிரல் எழுதுவதற்குத் தேவையான கருவிகளையும் நிஷிகாடோ தாமே அமைத்துக்கொண்டார். திட்டம், படம், நிரல், மின்சுற்று என எல்லாவற்றிலும் பெரும்பகுதி அவர் ஒருவரின் உழைப்பு. ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது.

அவ்வளவு பாடுபட்டும் அந்த நுண்செயலியின் வேகம் அவர் நினைத்த அளவுக்கு இல்லை. திரை ஒரு விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் ஓர் எதிரியை மட்டுமே அதனால் நகர்த்த முடிந்தது. 55 எதிரிகளும் ஒரு படி நகர்ந்து முடிக்க ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். பாதிப் பேர் அழிந்தால் அரை விநாடி போதும். கடைசி ஒருவன் மட்டும் எஞ்சினால் அவன் விநாடிக்கு 60 முறை நகர்வான். அதாவது, கூட்டம் குறையக் குறைய வேகம் கூடும். கூடவே நான்கே ஒலிகளாலான பின்னணி இசையும் இதயத் துடிப்பைப் போல விரைவுபடும். விளையாடுபவர்களுக்கு வியர்த்துக் கொட்டியது இதனால்தான்.

இது முன்கூட்டியே வகுத்த திட்டம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். உண்மையில் இது இயந்திரத்தின் இயலாமை. ஆனால், அந்தக் குறையைச் சரிசெய்யாமல், இதுவே ஆட்டத்துக்கு உயிர் கொடுக்கிறது என்று உணர்ந்து விட்டுவைத்தாரே, அங்கேதான் நிஷிகாடோவின் திறமை இருக்கிறது. கனவுக் கதை இந்த நுட்பத்தை மறைத்துவிடுகிறது.

ஆட்டக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. எதிரிகள் மிகக் கீழே, பீரங்கிக்கு நேர்மேலே வந்துவிட்டால், அவர்கள் சுடும் குண்டு பீரங்கியைத் தாக்குவதில்லை என்பதைக் கண்டுபிடித்தார்கள். உயிரைப் பணயம் வைத்து அவர்களை அவ்வளவு அருகில் வரவிட்டுச் சுடும் உத்திக்கு, நகோயா நகரத்தின் பெயரே வந்துவிட்டது. 23-ஆவது குண்டிலும், பிறகு ஒவ்வொரு 15-ஆவது குண்டிலும் பறக்கும் தட்டை வீழ்த்தினால் 300 புள்ளி கிடைக்கும் என்பதையும் எண்ணியே கண்டுபிடித்தார்கள். ஆனால், இவ்வளவையும் படைத்த நிஷிகாடோ, தமது விளையாட்டில் முதல் கட்டத்தைத் தாண்டுவதே தமக்குச் சிரமம் என்று சொல்லிச் சிரிப்பவர்.

முதல் விளையாட்டா?

‘உலகிலேயே முதல்’ என்ற பட்டம் கொடுப்பதில் மனிதர்களுக்குத் தனி ஆசை. இந்த விளையாட்டுக்கும் அந்தப் பட்டத்தைச் சூட்டிவிட்டார்கள். ஆனால், 1962-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழக இளைஞர்கள் ‘ஸ்பேஸ்வார்’ என்ற விண்கலப் போர் விளையாட்டைக் கணினியில் எழுதிவிட்டார்கள். 1971-ஆம் ஆண்டில் ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’ என்ற பெயரில் காசு போட்டு ஆடும் இயந்திரமும் வந்துவிட்டது. அதிகப் புள்ளியைத் திரையில் காட்டும் வழக்கமும் 1976-ஆம் ஆண்டின் ‘சீ வுல்ஃப்’ விளையாட்டில் இருந்தது.

அப்படியானால் இதன் பெருமை என்ன? முதலில் வந்தது அன்று. வந்த பிறகு எல்லாவற்றையும் மாற்றியது என்பதே பெருமை. அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் உரிமம் பெற்று வெளியிட்டது. 1980-ஆம் ஆண்டில் அடாரியின் வீட்டு விளையாட்டுச் சாதனத்துக்கு இது வந்தபோது, இந்த ஒன்றுக்காகவே மக்கள் சாதனத்தை வாங்கினார்கள். 2013-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. இவ்வளவு உண்மைச் சிறப்பு இருக்கும்போது இல்லாத பட்டம் எதற்கு?

சட்டமும் சர்ச்சையும்

டெக்சஸ் கதையில் ஒரு பாதி உண்மை. மெஸ்கீட் என்ற நகரம் ஒரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1982-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீர்ப்பும் வந்தது. ஆனால், அந்த வழக்குக்கும் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டுக்கும் தொடர்பில்லை.

காசு போட்டு ஆடும் இயந்திரங்களை 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோரோ காப்பாளரோ இல்லாமல் ஆடக்கூடாது என்று அந்நகரம் விதி வைத்திருந்தது. அது 1973-ஆம் ஆண்டின் விதி. கடைத்தொகுதி ஒன்றில் விளையாட்டு நிலையம் திறக்க ஒரு நிறுவனம் முயன்று, தகராறு தொடங்கியது 1976-ஆம் ஆண்டில். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பிறந்தது 1978-ஆம் ஆண்டில். பிறக்காத பிள்ளைக்கு அஞ்சி ஊர் கூடிச் சட்டம் போட்டது என்றால் நம்ப முடியுமா? ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தாலே பொய் விழுந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த விளையாட்டின் பெயரையே தலைப்பில் தாங்கிய ஒரு மசோதா உண்மையிலேயே இருந்தது. 1981-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தொழிற்கட்சி உறுப்பினர் ஜார்ஜ் ஃபூக்ஸ், ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ் மற்றும் பிற மின்னியல் விளையாட்டுகளைக் கட்டுப்படுத்தும்’ மசோதாவைக் கொண்டுவர அனுமதி கேட்டார். பிள்ளைகள் பணத்தையும் படிப்பையும் இழக்கிறார்கள் என்பது அவர் கவலை. எதிர்த்துப் பேசிய உறுப்பினர் தாமே அந்த விளையாட்டின் இரசிகர் என்பதை மறைக்கவில்லை. வாக்கெடுப்பில் ஆதரவு 94, எதிர்ப்பு 114. இருபதே வாக்குகளில் மசோதா தோற்றது.

அதே ஆண்டு நவம்பரில் பிலிப்பீன்சின் அதிபர் மார்க்கோஸ், நாடு முழுவதும் காணொளி விளையாட்டு இயந்திரங்களுக்குத் தடை விதித்தார். ஆக, அரசாங்கங்கள் அஞ்சியது உண்மை. பெற்றோர் கவலைப்பட்டதும் உண்மை. உலகம் நினைவில் வைத்திருப்பதோ நடக்காத டெக்சஸ் கதையை.

இல்லாத விளையாட்டும் புதைந்த விளையாட்டும்

பொய் வரலாறு இருக்கிற விளையாட்டோடு நிற்பதில்லை. இல்லாத விளையாட்டையும் அது படைத்துவிடும். 1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ‘பாலிபியஸ்’ என்ற விளையாட்டு வந்தது. ஆடியவர்களுக்கு மயக்கமும் மறதியும் ஏற்பட்டன. கறுப்பு உடை அணிந்த அதிகாரிகள் வந்து குறிப்பெடுத்தார்கள். பிறகு இயந்திரங்கள் ஒரேயடியாக மறைந்தன என்று ஒரு கதை உண்டு. 1980-களின் எந்த இதழிலும் அந்தப் பெயர் இல்லை. இணையத்தில் தோன்றி, 2003-ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்க விளையாட்டு இதழில் ஏறிய பிறகே அது பரவியது. ஆனால், அதே 1981-ஆம் ஆண்டில், அதே போர்ட்லண்டில், சாதனை படைக்க எண்ணி 28 மணி நேரம் ‘ஆஸ்டராய்ட்ஸ்’ ஆடிய 12 வயதுச் சிறுவனுக்கு உடல்நலம் குன்றியது உண்மை. சூதாட்டச் சந்தேகத்தில் விளையாட்டு நிலையங்களை அதிகாரிகள் சோதித்ததும் உண்மை. இரண்டு உண்மைகளை ஒட்டவைத்து ஒரு பொய்யை வளர்த்துவிட்டார்கள்.

அதற்காக, கேட்பதெல்லாம் பொய் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. விற்காமல் தேங்கிய ‘ஈ.டி.’ விளையாட்டுப் பேழைகளை அடாரி நிறுவனம் பாலைவனத்தில் புதைத்துவிட்டது என்ற கதையைப் பலர் கட்டுக்கதை என்றே எண்ணினார்கள். 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ குப்பைமேட்டைத் தோண்டினார்கள். 1983-ஆம் ஆண்டில் புதைத்த பேழைகள் வெளியே வந்தன. அங்கும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. கதை பல மில்லியன் என்றது. புதைத்தபோது பொறுப்பிலிருந்த அதிகாரி கூறிய எண்ணிக்கை 728,000. அதிலும் ‘ஈ.டி.’ ஒரு பகுதிதான்.

நம்புவதும் மறுப்பதும் மனநிலையைப் பொறுத்தவை அல்ல என்பதை இந்த இரண்டும் காட்டுகின்றன. ஒன்றில் பழைய இதழ்களைப் புரட்டினார்கள்; பெயர் இல்லை. மற்றொன்றில் மண்ணைத் தோண்டினார்கள், பொருள் இருந்தது. தீர விசாரிப்பதே மெய் என்று சொல்வது இதைத்தான்.

இதனால் என்ன நட்டம்?

ஒரு விளையாட்டைப் பற்றிப் பொய் சொன்னால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கலாம். நட்டம் இருவருக்கு.

முதலாமவர் படைத்தவர். அந்தக் காலத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் விளையாட்டை உருவாக்கியவரின் பெயரை வெளியிடுவதில்லை. அமெரிக்காவிலும் இதே நிலைதான். அடாரியின் பொறியாளர் ஒருவர், தமது பெயரைத் தாம் செய்த விளையாட்டின் இரகசிய அறை ஒன்றில் ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. உலகமே ஆடிய ஒரு விளையாட்டின் இயந்திரத்தில் நிஷிகாடோவின் பெயர் இல்லை. அந்த வெற்றிடத்தைக் கதைகள் நிரப்பின. மின்சுற்றை இணைத்த கைகளுக்கு உரிய மதிப்பு கனவுக்கும் பஞ்சத்துக்கும் போய்விட்டது. உழைத்தவர் பெயர் தெரியாத இடத்தில்தான் வதந்தி குடியேறுகிறது.

இரண்டாமவர் படிப்பவர். இன்று ஒரு மாணவர் பள்ளித் திட்டவேலைக்காக இந்த விளையாட்டைப் பற்றித் தேடினால், நாணயப் பஞ்சம் பத்து இடங்களில் கிடைக்கும். பத்து இடங்களில் இருப்பதால் அது உண்மை என்று அவர் எழுதிக்கொள்வார். பத்தும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை என்பது அவருக்குத் தெரியாது. இந்தப் பழக்கம் விளையாட்டோடு நிற்காது. நாடுகளின் வரலாற்றையும் இனங்களின் வரலாற்றையும் இப்படியே படிக்கத் தொடங்கினால், விளைவு வேடிக்கையாக இருக்காது.

சோதிக்கும் வழி கடினமன்று. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். மெஸ்கீட் கதை அதில் விழுந்தது. எண்ணிக்கை இருக்கிறதா என்று தேட வேண்டும். பஞ்சக் கதை அதில் விழுந்தது. செய்தவரே என்ன சொன்னார் என்று கேட்க வேண்டும்; கனவுக் கதை அதில் விழுந்தது. அதற்கு முன் வேறெதுவும் இருந்ததா என்று பார்க்க வேண்டும்; ‘முதல்’ என்ற பட்டம் அதில் விழுந்தது.

தமிழில் நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று கையில் இருக்கும் காசு; மற்றொன்று சொல்லில் இருக்க வேண்டிய நேர்மை. 1978-ஆம் ஆண்டின் ஜப்பானில் முதலாவதற்குப் பஞ்சம் வரவில்லை என்று நாணயச் சாலையின் கணக்கு சொல்கிறது. பஞ்சம் வந்தது இரண்டாவதற்குத்தான். அதுவும் ஜப்பானில் அல்ல, அதைப் பற்றிப் பிறகு எழுதியவர்களிடத்தில்.